ஐந்து நாளில் ஓர் அறிவியல் ஆய்வு: தோட்டத்துப் பிள்ளைக்கு நாம் எப்படித் துணை நிற்கலாம்?



இந்த மாதப் பாடம், ஞாயிறு வகுப்பு நடத்தும் நம் கிளைத் தோழர்களுக்கானது. வீட்டில் தம்பி தங்கை உள்ள எல்லாருக்கும் இது பொருந்தும். தேவாரம் சொல்லிக் கொடுத்து முடித்ததும் ஒரு பிள்ளை பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டும். "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள சயன்ஸ் புரோஜெக்ட் கொடுக்கணுமாம். என்ன செய்யிறது?" பகாவ், கெமாஸ், கோலாப்பிலா பக்கம் உள்ள தோட்டங்களில் வகுப்பு எடுக்கும் நண்பர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். நானும் நெகிரி செம்பிலானில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

அந்த நேரத்தில் நமக்குத் தோன்றும் சுலபமான வழி, கைப்பேசியைத் திறந்து ஒரு காணொளியைக் காட்டி "இதைச் செய்துவிடு" என்பது. அதைவிடச் சுலபம், பட்டணத்துக் கடையில் இருபது முப்பது ரிங்கிட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பது. இரண்டிலும் வேலை முடிந்துவிடும், ஆனால் பிள்ளைக்கு அதில் ஒன்றும் சேராது. கண்காட்சியில் ஆசிரியர் வந்து "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கும்.

ஆகவே தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே கவனம் வேண்டும். ஐந்து நாள் குறைவுதான். நல்ல கேள்வி அமைந்துவிட்டால் அது போதும்.

1. மாதிரி வேறு, ஆய்வு வேறு

பிள்ளைகள் அதிகம் கேட்பது எரிமலை. களிமண்ணில் மலை செய்து, ஆப்பச்சோடா போட்டு, வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் கேள்வி இல்லை. என்ன நடக்கும் என்பது தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். அதனால் அதை மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் விடை தெரியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

அதே பொருள்களை வைத்து ஆய்வும் செய்யலாம். ஒரே மாதிரியான நான்கு சிறிய போத்தல்களில் 100 மில்லி லிட்டர் வினிகர் ஊற்றச் சொல்லுங்கள். நான்கு பலூன்களில் அரை, ஒன்று, இரண்டு, மூன்று தேக்கரண்டி ஆப்பச்சோடாவைப் போட்டு, பலூன் வாயைப் போத்தல் வாயில் மாட்டிவிட்டுப் பலூனை நிமிர்த்த வேண்டும். சோடா உள்ளே விழுந்ததும் கரிவளி கிளம்பிப் பலூன் ஊதும். ஊதிய பலூனைச் சுற்றி நூல் கட்டி அளவுகோலில் அளந்து பார்க்கலாம்.

இப்போது கேள்வி பிறக்கிறது: சோடா கூடக் கூட பலூனும் பெரிதாகிக்கொண்டே போகுமா? "ஆமாம்" என்றுதான் பிள்ளை சொல்லும். செய்து பார்த்தால் அரைக் கரண்டிக்கும் ஒரு கரண்டிக்கும் வேறுபாடு தெரியும், இரண்டுக்கும் மூன்றுக்கும் அநேகமாகத் தெரியாது. கடையில் விற்கும் சாதாரண வினிகரில் 100 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் அமிலம்தான் இருக்கும். அது ஒன்றரைக் கரண்டி சோடாவோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் போட்ட சோடாவுக்குச் சேர ஆள் இல்லை. பத்து வயதுப் பிள்ளை இதைத் தன் கையால் கண்டுபிடித்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

2. தேர்வு செய்ய நான்கு கேள்விகள்

தலைப்பை நாம் சொல்லக் கூடாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும். சொன்ன தலைப்பை இந்த நான்கு கேள்விகளால் சலித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

முதலாவது: பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்குமா? அடுக்களை, வீட்டுக் கொல்லை, தோட்டம் – இந்த மூன்றுக்குள் கிடைக்காத பொருள் வேண்டாம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய்வர வண்டி இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது: எதையாவது அளக்க முடியுமா? நிமிடம், சென்டிமீட்டர், சொட்டு, எண்ணிக்கை, எதுவானாலும் சரி. "நல்லா இருந்துச்சு, வேகமா வந்துச்சு" என்பது அளவாகாது.

மூன்றாவது: நாள் போதுமா? ஒரே தடவை செய்வதற்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். மூன்று தடவை செய்து பார்க்க நாள் வேண்டும்.

நான்காவது: ஆபத்து இல்லையா? நெருப்பு, மின்சாரம், தோட்டத்து மருந்து இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி இருந்த போத்தலைக் கழுவிப் பயன்படுத்தவும் விடக் கூடாது.

நான்கிலும் தேறினால் தலைப்பு கிடைத்துவிட்டது. ஒன்றில் தவறினாலும் தலைப்பைத் தூக்கிப் போட வேண்டாம், கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். எரிமலை பலூன் ஆனது அப்படித்தான்.

3. நம் வீட்டுப் பழக்கங்களுக்குள் இருக்கும் அறிவியல்

ஆரத்தி நீரை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி காரப் பொருளைச் சந்தித்தால் சிவப்பாக மாறும். வெள்ளைத் தாளை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்துக் கீற்றுகளாக வெட்டினால் சோதனைத் தாள் தயார். சவர்க்கார நீர், ஆப்பச்சோடா நீர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டும் சிவக்க வைக்கும், அடுத்த இரண்டும் மஞ்சளாகவே விடும். சிவந்த தாளின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும்.

இதில் ஒரு குறை உண்டு, அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். வெறும் தண்ணீரிலும் எலுமிச்சையிலும் தாள் ஒரே மஞ்சளாகத்தான் இருக்கும். அமிலத்தையும் வெறும் நீரையும் பிரித்துக் காட்ட மஞ்சளுக்குத் தெரியாது. அதற்குச் சங்குப்பூ இருக்கிறது. மலாய்க்காரர்கள் நாசி கெராபுவுக்கு நீல நிறம் கொடுக்கப் போடும் அதே பூந்தெலாங். பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலச் சாறு கிடைக்கும். எலுமிச்சை விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், சோடா விட்டால் பச்சைப் பக்கம் போகும். "மஞ்சளா சங்குப்பூவா, எது நல்ல சோதனைத் தாள்?" என்பதே ஒரு நல்ல தலைப்பு. ஒரே மாலையில் முடிந்துவிடும்.

முளைப்பாரியும் அப்படித்தான். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் படாத இடத்தில் வைத்து வளர்ப்பார்கள். முளை வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். வெளிச்சம் இல்லாமல் பச்சையம் உண்டாகாது. அந்தச் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். பச்சைப்பயறு இரண்டு நாளில் முளை விடும். ஒரு தட்டை அலமாரிக்குள்ளும் இன்னொன்றை சன்னலோரமும் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளந்தால் ஐந்து நாளுக்குள் வேறுபாடு தெரிந்துவிடும். தட்டுக்குப் பத்துப் பயறாவது போட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டு அது சொத்தையாக இருந்தால் ஆய்வே கெட்டுப் போகும்.

4. பால்மரம் சொல்லிக் கொடுக்கும் பாடம்

தோட்டத்துப் பிள்ளையிடம் மட்டுமே இருக்கிற ஒரு பொருளைப் பற்றி இனிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம். செம்பனை வந்து, தாமான்கள் வந்து, நம் மாநிலத்தில் பால்மரக் காடு குறைந்துகொண்டே போகிறது. நீலாய், சிரம்பான் பக்கம் நம் தாத்தா பாட்டி மரம் வெட்டிய இடங்களில் இன்று கடைவீதி நிற்கிறது. ஆனாலும் ஊர்ப் பக்கம் இன்னும் மங்கில் பால் சொட்டுகிறது.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தோட்டத்துப் பள்ளியிலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு மாறியவள். அவள் அம்மா மரம் வெட்டுபவர். "அம்மா என்ன வேலைன்னு கேட்டா, வீட்லதான் இருக்காங்கன்னு சொல்லிருவேன்" என்று ஒருநாள் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்குத்தான் புரோஜெக்ட் வந்தது. "உன் வீட்டில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒன்று இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அம்மா கையில பால் வாசம் இருக்கும்" என்றாள்.

அங்கிருந்து தொடங்கினோம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு போய் அம்மாவிடம் கேள் என்றேன். ஏன் விடியற்காலையில் வெட்டுறீங்க? ஏன் கோடு சாய்ந்திருக்கு? மழை பெய்தால் ஏன் வெட்டுவதில்லை? மங்கில் விட்டால் பால் ஏன் கட்டியாகிறது? ஸ்டோரில் என்ன ஊற்றுகிறார்கள்?

அம்மா ஐந்துக்கும் பதில் சொல்லியிருக்கிறார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்றாராம். அறிவியலும் அதையே சொல்கிறது. இரவில் மரம் நீரை இழப்பது குறைவு, அதனால் பால்குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் வந்து இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அந்த அழுத்தம் தணியும், பால் ஓட்டமும் தணியும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்வாகச் சுற்றி ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே அதிகமாக வெட்டத்தான் கோடு இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாகச் சாய்கிறது. ஆழம் தவறி உள்ளே மரத்தைக் கத்தி தொட்டால் பட்டை சரியாக வளராது. இதெல்லாம் அந்த அம்மாவுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

கொஞ்சம் வரலாறும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இந்த மரம் நம் நாட்டு மரம் அல்ல. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். ரப்பர் விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும், அதனால் ஒரு சிறு பங்குதான் முளைத்தது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துச் சோதித்து உருவாக்கினார். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல் தொடங்கியது. பெரிய விஞ்ஞானிகள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்ந்த அதே பாலைத்தான் நம் பிள்ளையும் ஆராயப் போகிறது.

5. செய்முறை

கேள்வி: வீட்டில் உள்ள எந்தப் புளிப்பு நீர் ரப்பர் பாலை விரைவில் கெட்டியாக்கும்?

தேவையானவை: அன்று காலை எடுத்த பால், ஒரே அளவான பிளாஸ்டிக் கோப்பைகள், வினிகர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், வெறும் தண்ணீர், ஐஸ்கிரீம் குச்சிகள், கடிகாரம். கொல்லையில் புளிச்ச பிலிம்பிங் காய் இருந்தால் அதன் சாறும் எடுக்கலாம்.

ஒவ்வொரு கோப்பையிலும் 50 மில்லி லிட்டர் பால். அதில் இரண்டு தேக்கரண்டி புளிப்பு நீர். ஐந்து முறை கிளறிவிட்டு நேரத்தைக் குறிக்கத் தொடங்க வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் வரும் சொற்களை இங்கே பொருத்திக் காட்டுங்கள். புளிப்பு நீரின் வகையை நாம் மாற்றுகிறோம், அது தற்சார்பு மாறி. கெட்டியாக எடுக்கும் நேரத்தை அளக்கிறோம், அது சார்பு மாறி. பாலின் அளவு, புளிப்பு நீரின் அளவு, கிளறும் தடவை இவற்றை மாற்றவே மாட்டோம். அவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். மனப்பாடம் செய்து மறந்துபோகும் இந்தச் சொற்கள், கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால் மறக்காது.

முக்கியமான ஒன்று: "கெட்டி" என்றால் எப்போது? ஒருவர் பார்வைக்குக் கெட்டி, இன்னொருவர் பார்வைக்குக் குழம்பு. முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். குச்சியைத் தூக்கினால் பால் சொட்டாமல் கட்டி குச்சியோடு வர வேண்டும், அந்த நொடியில் நேரத்தைக் குறிக்கலாம். இதைத்தான் செயல்நிலை வரையறை என்கிறார்கள்.

வெறும் தண்ணீர் ஊற்றிய கோப்பை எதற்கு என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பால் கெட்டியானது புளிப்பினாலா, ஏதோ ஒரு நீரைக் கலந்ததினாலா என்பதை அந்தக் கோப்பைதான் சொல்லும். அதைக் கொட்டிவிடாமல் மறுநாள் வரை மூடி வையுங்கள். அதுவும் கட்டியாகியிருக்கும், நாற்றமும் வரும். பாலில் பெருகும் பாக்டீரியாக்கள் தாமே அமிலத்தை உண்டாக்குகின்றன. மங்கிலேயே கட்டிப்பால் ஆவது அப்படித்தான்.

ஏன் கெட்டியாகிறது? பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். ரப்பர் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையையும் புரதப் படலம் ஒன்று போர்த்தியிருக்கும், அதில் எதிர்மின்னேற்றம் இருக்கும். காந்தத்தின் ஒரே முனைகள் ஒன்றையொன்று தள்ளுவது போல் உருண்டைகளும் தள்ளிக்கொள்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைத் தணித்துவிடும். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டோரில் இதற்கு ஊற்றுவது பார்மிக் அமிலம். கெரங்கா எறும்பு நம்மைக் கடித்துப் பீய்ச்சுவதும் அதே அமிலம்தான்.

சில எச்சரிக்கைகள். ஸ்டோரில் உள்ள அமிலத்தைப் பிள்ளை தொடவே கூடாது, தோலைச் சுட்டுவிடும். பால் கண்ணில் படக் கூடாது. சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை உண்டு, ஆகவே கையுறை போடட்டும், ரப்பர் கையுறை வேண்டாம், பிளாஸ்டிக் போதும். சட்டையில் பட்டால் கறை போகாது. பாலில் அமோனியா ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால் உறையாமல் இருக்கத்தான் அதை ஊற்றுவார்கள், அந்தப் பாலில் நம் எலுமிச்சை திணறும். பாலை வெட்டுபவரிடம் கேட்டு, தோட்டத்தில் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

6. தப்பான ஊகமும் நல்ல ஆய்வே

அந்தப் பெண்பிள்ளை எழுதிய கருதுகோள், புளித்தண்ணீர்தான் முதலில் வரும் என்பது. "வீட்ல ரொம்பப் புளிப்பு அதுதான்" என்றாள். மூன்று தடவை செய்தும் எலுமிச்சைதான் முந்தியது. அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "கருதுகோளை அழிச்சிட்டு எலுமிச்சைன்னு எழுதிரவா அண்ணே?" என்றாள்.

இந்த இடத்தில்தான் நாம் பிள்ளையோடு நிற்க வேண்டும். அழிக்கக் கூடாது. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று அப்படியே எழுத வேண்டும். பிறகு ஏன் என்று யோசிக்க வேண்டும். புளித்தண்ணீரை எவ்வளவு கெட்டியாகக் கரைத்தோம்? தண்ணீர் கூடிவிட்டதா? அதுவே அடுத்த கேள்வி. யார் சொன்னாலும் அதில் உண்மை எது என்று பார்ப்பதே அறிவு என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்கிறார். நாமே சொன்னதும் அதற்குள் அடங்கும். விடையைத் திருத்தி எழுதிப் பரிசு வாங்கும் பிள்ளை, பொய்க்குப் பலன் உண்டு என்று பத்து வயதிலேயே கற்றுக்கொள்கிறது. வாய்மையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நாம் பேசுவதெல்லாம் அப்புறம் வெறும் பேச்சு.

அவள் அழிக்கவில்லை. அட்டையில் "தகவல் தந்தவர்: என் அம்மா, பால்மரம் வெட்டும் தொழிலாளி" என்று அவளே எழுதினாள். ஆசிரியர் கேட்டபோது சாய்ந்த கோட்டைப் பற்றியும் விடியற்காலையைப் பற்றியும் நிறுத்தாமல் பேசினாளாம். பரிசு கிடைத்ததா என்று பலர் கேட்கிறார்கள். ஆறுதல் பரிசு. அம்மா அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய் மகள் பேசுவதை நின்று கேட்டிருக்கிறார்.

7. ஐந்து நாள் அட்டவணை

ஞாயிறு: கேள்வியைத் தேர்ந்தெடுத்து நான்கு சல்லடையிலும் சலிப்பது. கருதுகோளை எழுதித் தேதி போடுவது.

திங்கள்: பொருள் சேர்ப்பது, வீட்டுப் பெரியவரிடம் கேள்வி கேட்டுக் குறிப்பது.

செவ்வாய்: முதல் சோதனை. பால் ஆய்வு என்றால் மழையைக் கணக்கில் வையுங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பாலும் இல்லை. மஞ்சள் தாளை மாற்றாகத் தயாராக வைத்திருங்கள்.

புதன்: இன்னும் இரண்டு தடவை செய்து சராசரி எடுப்பது, அட்டவணையும் பட்டை வரைபடமும் வரைவது. பயறு ஆய்வு என்றால் ஞாயிறு இரவே ஊறப்போட்டு, தினமும் அளந்து வர வேண்டும்.

வியாழன்: அட்டை எழுதுவது. எழுத்து பிள்ளையின் கையெழுத்தாக இருக்கட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு நாம் ஆசிரியராக நடித்து ஐந்து கேள்வி கேட்பது. தெரியாத கேள்விக்கு "அதை நான் சோதிக்கவில்லை, டீச்சர்" என்று சொல்லப் பழக்குவது.

கிளையில் கலந்துரையாட

1. உங்கள் வட்டாரத்துப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் பொருள்கள் ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் அளக்கக்கூடிய ஒரு கேள்வியை உருவாக்குங்கள்.

2. கோயில் சடங்குகளில் நிறம், மணம், முளைப்பு, உருகுதல் இவற்றில் ஒன்று நடக்கும் இரண்டு இடங்களைச் சொல்லுங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று விளக்க முயலுங்கள்.

3. ஒரு பிள்ளையின் புரோஜெக்ட்டில் நாம் எந்த வேலையைச் செய்யலாம், எந்த வேலையைத் தொடக் கூடாது? இரண்டு பட்டியல் போட்டு உங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையோடு ஒரே ஒரு ஆய்வை முடித்துவிட்டு வாருங்கள். அட்டையை அந்தப் பிள்ளையே தூக்கிக்கொண்டு வரட்டும்.